மழை, மலை ரோடு ரெண்டுக்கும் சேத்து எந்த பட்டன் (ரோட்ட தொடற டிசைன்) உள்ள டயர் போடறதுங்க?

பொள்ளாச்சிரோடு:
வணக்கங்க. டிசையர் கார், டயர் சைஸ் 185/65 ஆர்15, 52,000 கிலோமீட்டர் ஓடிருச்சு, முன்னாடி ரெண்டும் பட்டன் தேஞ்சு கிட்டத்தட்ட மொட்டை. நான் கோயமுத்தூர்ல, அப்பா அம்மா வால்பாறைல எஸ்டேட்ல இருக்காங்க, மாசம் ரெண்டு தடவ போவேன், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசியும் ஏறி எறங்கணும். போன மாசம் மழைல எறங்கறப்ப ஒரு வளைவுல பிரேக்க தொட்டதும் வண்டி திரும்பாம நேரா இழுத்துட்டு போச்சு, பக்கத்துல பாப்பா உக்காந்திருந்தா, வீட்டுக்கு போயும் கை நடுக்கம் நிக்கல. கடைல மூணு காட்டுறாங்க: வி மாதிரி கோடு போட்டது, உள்பக்கம் ஒரு டிசைன் வெளிப்பக்கம் வேற டிசைன் உள்ளது, அப்புறம் கட்டை கட்டையா ஏடி டயர் (கரடுமுரடு ரோட்டுக்கும் சேத்து செஞ்சது). எஸ்டேட்டுக்குள்ள கடைசி 2 கிலோமீட்டர் கல்லு ரோடு, அதனால ஏடி எடுங்கன்னு கடைக்காரர் சொல்றார். எது சரியா வரும்?

மாட்டிகழட்டி:
தம்பி, 20 வருசமா டயர் வேலைல இருக்கேன். 2 கிலோமீட்டர் கல்லுக்காக போக வர 200 கிலோமீட்டர் தார் ரோட்டுக்கு ஏடி போடாதீங்க. அந்த பெரிய கட்டைங்க சேத்துலயும் கல்லுலயும்தான் கவ்வும், தார் ரோட்டுல பிரேக் அடிச்சா கட்டை வளைஞ்சு குடுக்கும், சத்தம் வரும், மைலேஜும் கொறையும். கல்லு ரோட்டுல மெதுவா போனாலே போதும்.

வி டிசைன் தண்ணிய நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் தள்ளும், நாலுவழி ரோட்டுல 90, 100ல தண்ணி தேங்கின எடத்துல ஏறினா டயர் மெதக்கும் பாருங்க, அதுக்கு ரொம்ப நல்லது. ஆனா மலைல நீங்க 25, 30லதான் எறங்கறீங்க, அங்க டயர் மெதக்கறது பிரச்சனையில்ல, ஈரத்துல ரப்பர் பிடிக்குதாங்கறதுதான். இன்னொன்னு, வி டயர் ஒரு பக்கமாதான் சுத்தணும், அதனால இடது வலது மாத்த முடியாது, ஸ்டெப்னியும் ஒரு பக்கத்துக்குதான் சரியா வரும்.

உங்களுக்கு உள்ள வெளிய வேற டிசைன் உள்ளதுதான். வளைவுல பாரம் பூரா வெளிப்பக்கம் சாயும், அங்க பட்டன் கட்டியா இருக்கறதால வளையாம நிக்கும், உள்பக்கம் காடி, அதாவது பட்டனுக்கு நடுவுல இருக்கற பள்ளம், அதிகம், அது தண்ணிய பாத்துக்கும்.

கோத்தகிரிக்காரி:
அண்ணா சொன்னத அப்படியே ஒத்துக்கறேன், நான் தினமும் மேட்டுப்பாளையம் எறங்கி ஏர்றவ. ஆனா டிசைன விட முன்னாடி பாக்க வேண்டியது தேதிங்க. சைடுல நாலு நம்பர் இருக்கும், 2324ன்னா 2024ல 23வது வாரம் செஞ்சது. பழசானா பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் இறுகிரும், ஈரத்துல பிடிக்காது. காடிக்குள்ள குட்டி மேடு இருக்கும், 1.6 மில்லிமீட்டர்ல பட்டன் அதுக்கு சமமா வந்துட்டா முடிஞ்சுது, மலைல ஓட்டறவங்க 3 மில்லிமீட்டர்லயே மாத்திருங்க. நீங்க மொட்டை டயரோட எறங்கினீங்கன்னு படிச்சப்பவே பக்குனு ஆயிருச்சு.

பொள்ளாச்சிரோடு:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். பின்னாடி டயர்ல இன்னும் 4 மில்லிமீட்டர் இருக்கு. அப்ப ரெண்டு மட்டும் வாங்கி முன்னாடி போட்டா போதுமா?

மாட்டிகழட்டி:
ரெண்டு வாங்கினா புதுசு பின்னாடி, பின்னாடி இருக்கறது முன்னாடி. எல்லாரும் தப்பா புதுச முன்னாடிதான் போடறாங்க. முன்பக்கம் வழுக்கினா ஆக்சிலேட்டர விட்டு வேகத்த கொறைச்சா திரும்ப பிடி கெடைக்க வாய்ப்பு இருக்கு, ஈர வளைவுல பின்பக்கம் வழுக்கினா வண்டி சுத்திரும், மலைல சுத்தினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. உங்க ரூட்டுக்கு பணம் தோதுபட்டா நாலும் ஒரே டிசைனா மாத்துறது நல்லது, அலைன்மென்ட்டும் அன்னைக்கே பாத்திருங்க.

கோத்தகிரிக்காரி:
மாட்டி முடிச்சதும் நீங்களே நாலு பக்கமும் சுத்தி வந்து பாருங்க, ‘அவுட்சைடு’ன்னு போட்டிருக்கற பக்கம் வெளிய தெரியணும். எனக்கு ஒரு கடைல ரெண்டு டயர உள்ளவெளிய மாத்தி மாட்டிட்டாங்க, ரெண்டு மாசம் மழைல அப்படியே ஓட்டிருக்கேன், பஞ்சர் பாத்த பையன் சொல்லித்தான் தெரிஞ்சுது.