கத்தார் ஹேண்ட்பால் அணியின் 2015 வெள்ளி கணக்கில் சேருமா? பையனுக்கு என்ன சொல்வது?

காரைக்குடி அப்பச்சி:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான், ஆறு மாதமாக ஹேண்ட்பால் ஆடுகிறான். (ஊரில் கைப்பந்து என்று சொன்னால் வாலிபாலா என்று கேட்கிறார்கள், அதனால் ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன்.) பள்ளியில் ஆளுக்கொரு நாட்டின் ஆண்கள் அணியை எடுத்துக்கொண்டு சார்ட் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். என் தம்பி தோகாவில் வேலை பார்க்கிறான், அவன் வாங்கி வந்த மெரூன் பனியனைப் போட்டுக்கொண்டுதான் இவன் தினமும் ஆடுகிறான், அதனால் யோசிக்காமல் கத்தாரை எடுத்துவிட்டான். 2015 உலக சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடம் என்று பெரிய எழுத்தில் முதல் வரியாக எழுதினான்.

டென்மார்க் எடுத்த பையன் ஒருவன், "அது காசு கொடுத்துச் சேர்த்த டீம், அதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறான். டென்மார்க் 2019, 2021, 2023, 2025 என்று நான்கு முறை தொடர்ந்து உலகக் கோப்பை எடுத்த அணி, அந்தப் பையனுக்குப் பேச இடம் இருக்கிறது. என் மகன் வீட்டுக்கு வந்து அந்த வரியை ரப்பர் போட்டு அழித்திருக்கிறான். அழித்த வேகத்தில் சார்ட் அந்த இடத்தில் நைந்து போய்விட்டது. "அப்பச்சி, அது நிஜமான வெள்ளியா இல்லையா?" என்று கேட்கிறான். எனக்கு விவரம் போதாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்டனூர் தோகா:

அண்ணே, நான் எட்டு வருடம் தோகாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன், அந்தப் போட்டி நடந்தபோது அங்கேதான் இருந்தேன். 2015 ஜனவரி 15-ல் தொடங்கி பிப்ரவரி 1-ல் முடிந்தது. அரையிறுதி ஜனவரி 30, வெள்ளிக்கிழமை, எங்களுக்கு வார லீவு. ரூமில் இருந்த மலையாளி நண்பர் ஒருவர் கூப்பிட்டார் என்று லுசைல் அரங்கத்துக்குப் போனேன். ஹேண்ட்பால் என்றால் என்னவென்றே அதுவரை எனக்குத் தெரியாது.

கத்தாருக்கும் போலந்துக்கும் ஆட்டம். டிவியில் பார்த்தால் புரியாது அண்ணே. ஒருத்தன் ஓடி வந்து எம்பி, எதிரே கையைத் தூக்கி நிற்கிற இரண்டு பேருக்கு மேலே இருந்து பந்தை விடுகிறான், பந்து போனது கண்ணில் படவில்லை, வலை ஆடுவதுதான் தெரிகிறது. அடுத்த நொடி எல்லோரும் அந்தப் பக்கக் கோலுக்கு ஓடுகிறார்கள். ஒரு மணி நேர ஆட்டத்தில் அறுபது கோல். 31-29 என்று கத்தார் ஜெயித்தது. நடுவர்கள் மேல் கோபத்தில் போலந்து வீரர்கள் அவர்களைப் பார்த்துக் கைதட்டினார்கள், அந்தக் குறையும் அப்போது பேசப்பட்டது, அதை மறைக்க வேண்டாம்.

ஆனால் வந்த வழியைப் பாருங்கள். நாக் அவுட்டில் முதலில் ஆஸ்திரியா, அப்புறம் கால் இறுதியில் ஜெர்மனியை 26-24, அரையிறுதியில் போலந்து. இறுதி ஆட்டத்தில் பிரான்சிடம் 25-22 என்று மூன்றே கோலில் தோற்றார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து ஓர் அணி உலக இறுதி ஆட்டம் வரை போனது அதுதான் முதல் முறை. அதற்கு முன்னால் எகிப்து 2001-லும் துனிசியா 2005-லும் நான்காம் இடத்தோடு நின்றுவிட்டன. பிள்ளை அந்த வரியைத் திரும்ப எழுதட்டும் அண்ணே.

தேவகோட்டை கோல்கீப்பர்:

நான் பத்து வருடம் கோலில் நின்றவன், இப்போது மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டென்மார்க் பையன் சொன்னதில் பாதி உண்மை. 2015 கத்தார் அணியில் ஷார்கோ மார்கோவிச் மாண்டினீக்ரோ நாட்டுக்கு ஆடியவர், கோல்கீப்பர் டேனியல் சாரிச் போஸ்னியாவில் பிறந்து அப்போது பார்சிலோனா கிளப்பில் நின்றவர், பெர்ட்ராண்ட் ருவானே 2011-ல் பிரான்ஸ் உலகக் கோப்பை வென்றபோது அந்த அணியில் இருந்தவர். பழைய நாட்டுக்கு மூன்று வருடம் ஆடாமல் இருந்தால் புது நாட்டுக்கு ஆடலாம் என்று அப்போது உலக சம்மேளனத்தின் விதியே இருந்தது. கத்தார் அந்த வாசலைத் திறந்து போனது, சுவர் ஏறிக் குதிக்கவில்லை.

பயிற்சியாளர் வலேரோ ரிவேரா ஸ்பெயின்காரர். 2013 இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் டென்மார்க்கை 35-19 என்று அடித்தது, ஸ்பெயினுக்கு அன்றைக்குப் பயிற்சியாளர் இவர்தான். அதை முடித்துவிட்டுத்தான் கத்தாருக்கு வந்தார். (தம்பி இதை டென்மார்க் பையனிடம் சொல்லலாம், சண்டைக்கு இல்லை, விவரத்துக்கு.)

ஏன் வெளியாட்கள் தேவைப்பட்டார்கள் என்பதையும் சொல்கிறேன். கோலுக்கு முன்னால் ஆறு மீட்டர் கோடு இருக்கிறது, அதற்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. தடுப்பவர்கள் அந்தக் கோட்டை ஒட்டிச் சுவர் மாதிரி நிற்பார்கள். அந்தச் சுவருக்கு மேலே ஒன்பது மீட்டரிலிருந்து எம்பி அடிக்க உயரமும் தோளும் வேண்டும், அந்த இடத்தில் ஆடுபவரைப் பேக் என்போம். ஆசிய அணிகள் வேகத்தில் குறைந்தவை இல்லை, தென் கொரியா அந்த வேகத்தை வைத்தே 1988 சியோல் ஒலிம்பிக்கில் வெள்ளி எடுத்தது. பேக்கில்தான் ஐரோப்பியர்களிடம் அடிபடுவோம். கத்தார் மார்கோவிச்சையும் கியூபாவின் ரஃபேல் கபோட்டேயையும் அங்கே நிறுத்தியது, 2015-ன் சிறந்த ஏழு பேரில் இருவரும் இடம் பிடித்தார்கள்.

கபோட்டே கதையைத் தம்பியிடம் கட்டாயம் சொல்லுங்கள். 2007-ல் ரியோவில் நடந்த பான் அமெரிக்கன் போட்டிக்குக் கியூபா அணியோடு வந்தவர், அணியை விட்டு வெளியேறி டாக்ஸி பிடித்து சாவோ பாலோ பக்கம் போய் அங்கே ஒரு கிளப்பில் சேர்ந்தார். 2016-ல் அதே ரியோவுக்குக் கத்தார் பனியனில் ஒலிம்பிக் ஆட வந்தார். முதல் ஆட்டத்திலேயே குரோஷியாவை 30-23 என்று வென்றார்கள், கால் இறுதி வரை போனார்கள்.

2015 ஒன்று மட்டும் என்றால் சந்தேகப்படலாம். 2014 முதல் 2024 வரை ஆசிய சாம்பியன்ஷிப் தொடர்ந்து ஆறு முறை. ஆசிய விளையாட்டில் 2014 இஞ்சியோன், 2018 ஜகார்த்தா, ஹாங்சோவ் மூன்றிலும் தங்கம். 2017 உலகப் போட்டியில் ஐரோப்பிய சாம்பியனாக இருந்த ஜெர்மனியை 21-20 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள், 2021-லும் கால் இறுதி. இதெல்லாம் சொந்த ஊரில் நடந்தவை இல்லை.

பள்ளத்தூர் ஆச்சி:

எனக்கு இந்த ஆட்டம் தெரியாது, பேரன் படித்துக் காட்டினான். ஆனால் நீங்கள் பேசுவது நம் ஊருக்குப் புதிதா? நம் பக்கம் பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்தெடுப்பது, எத்தனை தலைமுறையாக நடக்கிறது. சடங்காக மஞ்சள் நீர் குடித்து வந்த பிள்ளைக்குக் கோயில் கணக்கில் புள்ளி உண்டு, சொத்து உண்டு, கொள்ளி வைக்கிற உரிமை உண்டு. கூட்டி வந்த பிள்ளைதானே என்று பங்காளிகள் யாராவது வாய் திறந்தால் பெரியவர்கள் அடக்கிவிடுவார்கள். என் மாமனாரே அப்படி வந்தவர்தான், வீட்டு முகப்பில் அவர் படம்தான் முதலில் இருக்கிறது.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது. நாம் ஒரே கோயில் பங்காளிக்குள் பார்த்துத்தான் பிள்ளை கூட்டுவோம், வந்த பிள்ளை கடைசி வரை அந்த வீட்டில்தான். ஆட்டம் முடிந்ததும் கிளம்பிப் போகிறவரைப் பிள்ளை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இருந்து ஆடினவர் யார், வந்து போனவர் யார் என்று பிரித்துப் பாருங்கள்.

தேவகோட்டை கோல்கீப்பர்:

ஆச்சி சொன்னது சரியான கேள்வி. கபோட்டே இருந்து ஆடினவர், 2015-க்குப் பிறகும் வருடக்கணக்காக அந்த அணியில்தான் இருந்தார். ருவானேயைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியாது. என் கணக்கில் இருவர் போட்ட கோலும் கோல்தான்.

புதுவயல் மாணவன்:

அண்ணன்களே, நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு, யுனிவர்சிட்டி டீமில் விங் (ஓரத்தில் நின்று ஆடுகிற இடம்) ஆடுகிறேன். எனக்கு வருத்தம் வேறு. ஆசிய விளையாட்டில் ஹேண்ட்பால் முதன்முதலில் சேர்ந்ததே 1982-ல் நம் டெல்லியில். அப்படியிருந்தும் நம் ஆண்கள் அணி இன்று வரை ஒரு உலக சாம்பியன்ஷிப்கூட ஆடவில்லை. சொந்தக் குடிமக்கள் சில லட்சம் பேர் மட்டுமே உள்ள கத்தார் இறுதி ஆட்டம் ஆடிவிட்டது. 2023-ல் ஜெய்ப்பூரில் ஆறு அணிகளோடு பிரீமியர் ஹேண்ட்பால் லீக் தொடங்கியபோது அது முடியும் வரை தூக்கமில்லாமல் பார்த்தேன். தமிழ்நாட்டு அணி அதில் இல்லை. நாங்கள் இன்னும் மண் தரையில்தான் ஆடுகிறோம், மழை பெய்தால் பயிற்சி கிடையாது, விழுந்து எழுந்தால் முழங்கையில் தோல் இருக்காது. கத்தார் காசைச் செலவழித்தது ஆட்களுக்கு மட்டும் இல்லை, அரங்கம், பயிற்சியாளர், உள்ளூர் கிளப்புகள் என்று எல்லாவற்றுக்கும்தான். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன், இங்கேயும் யாராவது செய்ய வேண்டும் என்று ஏங்குகிறேன்.

காரைக்குடி அப்பச்சி:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வளவில் உட்கார்ந்து முழுவதையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். கபோட்டே டாக்ஸி பிடித்ததை இரண்டு முறை கேட்டான். ஆச்சி எழுதியதைக் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் யார் யார் எங்கே பிறந்தார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன், மறைத்தால்தானே தப்பு" என்றான். அது எனக்குத் தோன்றவில்லை. நைந்த இடத்தில் வெள்ளைத் தாள் வெட்டி ஒட்டி, "2015, இரண்டாம் இடம், பிரான்சிடம் 22-25" என்று எழுதி, கீழே வீரர்களின் பெயரும் பிறந்த நாடும் போட்டிருக்கிறான். ஆச்சிக்கு வணக்கம் சொல்லச் சொன்னான்.

தேவகோட்டைத் தம்பிக்கு ஒரு கேள்வி. இவன் பெரிய பையன்கள் ஆடும் பந்தை வைத்துத்தான் வீட்டிலும் எறிகிறான், கைக்குள் அடங்கவில்லை, இரண்டு நாளாகத் தோள் வலிக்கிறது என்கிறான். என்ன பந்து வாங்க வேண்டும்?

தேவகோட்டை கோல்கீப்பர்:

அண்ணே, அது மூன்றாம் நம்பர் பந்து, வளர்ந்த ஆண்களுக்கு உள்ளது. பதினாறு வயது வரை இரண்டாம் நம்பர் போதும், சுற்றளவு 54 முதல் 56 சென்டிமீட்டர். தோள் வலி போகும் வரை எறிய விடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கிரவுண்டுக்கு அழைத்து வாருங்கள், என்னிடம் ஒரு பழைய இரண்டாம் நம்பர் இருக்கிறது, கொடுத்துவிடுகிறேன்.