சிங்கப்பூர் சுற்றுலா பாஸ்: நாள் கணக்கா, இடக் கணக்கா?

தேவகோட்டையான்:
லீவுக்குக் குடும்பத்தோட சிங்கப்பூர் போறோம். திருச்சியிலேருந்து டிக்கெட் போட்டாச்சு. சுத்திப் பார்க்க மூணு நாள். நாங்க ரெண்டு பேர், ஆத்தா (68), பிள்ளைக ரெண்டு (11, 5). ஜூ, நைட் சஃபாரி, கார்டன்ஸ் பை தி பே, சிங்கப்பூர் ஃப்ளையர் (ராட்சத ராட்டினம்), கேபிள் கார் எல்லாம் ஒரே பாஸ்ல வருதாம். மூணு நாள் பாஸ் ஒண்ணு, அஞ்சு இடத்துக்கான பாஸ் ஒண்ணு காட்டுது. எது கட்டுப்படியாகும்?

கொத்தமங்கலம் ஆச்சி:
இடக் கணக்கு பாஸ்தான் தம்பி. நாள் பாஸ்ல போட்ட காசை எடுக்கணும்னா தினம் மூணு இடமாவது ஓடணும். ஆத்தாவையும் அஞ்சு வயசுப் பிள்ளையையும் வச்சுக்கிட்டு ரெண்டே அதிகம். நாள் பாஸ் பெரும்பாலும் 24 மணி நேரக் கணக்கு இல்லை, காலண்டர் தேதிக் கணக்கு. சாயங்காலம் 4 மணிக்கு முதல் ஸ்கேன் விழுந்தாலும் அன்னைக்கு ஒரு நாள் போச்சு.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல ஒவ்வொரு இடத்தோட சொந்த வெப்சைட் விலையையும் எழுதிக் கூட்டுங்க. பெரியவுகளுக்குத் தனி, பிள்ளைகளுக்குத் தனி (சிறுவர் டிக்கெட் பெரும்பாலும் 3 முதல் 12 வயசு வரை). பிள்ளைக டிக்கெட்ல மிச்சம் கொஞ்சம்தான் நிக்கும். சும்மா பார்க்கிறதைக் கணக்குல சேர்க்காதீக: மெர்லயன், பொட்டானிக் கார்டன், கார்டன்ஸ் பை தி பேயோட வெளித் தோட்டம், ராத்திரி 7.45, 8.45 சூப்பர்ட்ரீ (மர வடிவக் கோபுரம்) விளக்குக் காட்சி. கார்டன்ஸ் பை தி பேயில காசு, செடிகொடி இருக்கிற கண்ணாடிக் கூடங்களுக்கும் மேல் நடைபாதைக்கும்தான்.

கானாடுகாத்தான் வாசி:
ஆச்சி சொன்னது சரி. நம்ம ஊர்ல செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்க்க வாசல்லயே காசு கொடுத்துட்டு உள்ளே போயிடலாம். அங்கே பாஸ் இருந்தா மட்டும் பத்தாது, பல இடத்துக்கு நேரமும் முன்பதிவு செய்யணும். நைட் சஃபாரி 7.15க்குத் திறக்கும், உள்ளே விடுறது நேர ஸ்லாட்படி. பாஸ் வாங்கின கையோட ஸ்லாட்டையும் எடுத்துடுங்க. லீவு நாள்ல முன்னேர ஸ்லாட் முதல்ல தீரும், பிள்ளை தூங்குற நேரத்து ஸ்லாட்தான் மிஞ்சும்.

ஜூவும் நைட் சஃபாரியும் மண்டாய்ங்கிற ஒரே ஏரியாவுலதான். ஜூ 6 மணிக்கு மூடும், அங்கேயே சாப்பிட்டுட்டு அடுத்ததுக்குப் போகலாம். ஒரே நாள்ல வச்சா கத்திப் எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்லேருந்து போக வர ஒரு நடை மிச்சம். அதுக்காகவே அன்னைக்குக் காலையில வேற எதுவும் வேண்டாம்.

கண்ணாடிக் கூடங்களைப் பராமரிப்புக்காகச் சில நாள் மூடுவாக, தேதி அவுக வெப்சைட்ல இருக்கும். இடி மின்னல்னா கேபிள் கார் நிக்கும். அதைக் கடைசி நாள்ல வைக்காதீக.

தேவகோட்டையான்:
ரெண்டு பேருக்கும் நன்றி. ஆத்தா ஃப்ளையர்ல ஏற மாட்டாக. அவுகளுக்கும் பாஸ் எடுக்கணுமா?

கொத்தமங்கலம் ஆச்சி:
வேண்டாம். பாஸ் ஆளுக்கு ஒண்ணு, எல்லாரும் ஒரே மாதிரி எடுக்கணும்னு இல்லை. உங்க நாலு பேருக்குப் பாஸ், ஆத்தாவுக்குக் கண்ணாடிக் கூடத்துக்கும் ஜூவுக்கும் தனி டிக்கெட். கிளவுட் ஃபாரஸ்ட்ங்கிற கண்ணாடிக் கூடத்துல லிஃப்ட்ல மேலே ஏத்திவிட்டுடுவாக, படி ஏற வேண்டியதில்லை. நீங்க ஃப்ளையர் போறப்ப ஒருத்தர் ஆத்தாவோட நிக்கிறதா இருந்தா, அந்த ஆளுக்கு ஒரு இடம் குறைச்ச பாஸ் போதும்.

ஒவ்வொருத்தர் க்யூ.ஆர். கோடையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரெண்டு போன்ல வச்சுக்குங்க. முதல் ஸ்கேன் விழுந்துட்டா பணம் திரும்பாது. டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பாஸும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. ஃபோர்ட் கேனிங் எம்.ஆர்.டி.யில இறங்கி நடக்கிற தூரம்தான், மத்தியானம் நடை சாத்தியிருக்கும், காலையிலேயே போயிடுங்க.