மாங்கனி என்று பெயர் உள்ளவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். தங்கை மகளுக்கு மாங்கனி என்று பெயர் வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மாப்பிள்ளைதான் பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்வார்களே என்று தயங்குகிறார். கனிமொழிகள் நிறைய இருக்க, மாங்கனிகளை ஏன் அதிகம் காணோம்?

காரைக்கால் அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. கணவர் அனுப்பிய இரண்டு மாம்பழங்களில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிட்டவர். அதை வைத்துத்தான் ஆனியில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. அப்போது மாடிகளிலிருந்து இறைக்கும் பழத்தைப் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்பது நம்பிக்கை. அப்படிப் பிறந்த பெண்களுக்கு இந்தப் பெயர் வைக்கும் வழக்கம் உண்டா? காரைக்கால், நாகப்பட்டினம் பக்கத்துக்காரர்கள் சொல்லுங்கள். அப்புறம், மாங்கனி என்றே பெயருள்ளவர்கள் இருந்தால், வீட்டில் எப்படிச் சுருக்கிக் கூப்பிடுகிறார்கள்? பெயர் சூட்டு விழா நெருங்குகிறது.