ஓடந்துறையின் 40 லட்சம் எங்கிருந்து வந்தது?

வைப்பாற்றங்கரை:
மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படும் 10 விழுக்காட்டை இனி மக்கள்தொகையைப் பார்த்துப் பிரிக்கக் கூடாது, வரி வசூலித்துக் காட்டும் ஊராட்சிக்கே கூடுதலாகக் கொடுக்க வேண்டும், "சோம்பேறி ஊராட்சிகளுக்குத் தீனி போட்டது போதும்" என்று கொங்குச்சீமை என்ற பெயரில் எழுதும் நண்பர் நேற்று இங்கு எழுதியிருந்தார். அதற்கு அவர் காட்டிய சான்று ஓடந்துறை. மேட்டுப்பாளையத்தை ஒட்டிய அந்த ஊராட்சி 2006-இல் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி, தன் தேவை போக மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது ஊரறிந்த செய்தி. அதை நானும் மெச்சுகிறேன். அந்த 1.55 கோடியில் வங்கிக் கடன் 1.15 கோடி, மீதி 40 லட்சம் ஊராட்சியின் கையிருப்பு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரிசல் காட்டு ஊராட்சிகளில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். ஆண்டு முடிவில் 40,000 ரூபாய் மிஞ்சினாலே, ஏதோ ஒரு செலவுப் பட்டியலுக்குப் பணம் கொடுக்க மறந்துவிட்டோமோ என்று பதறித் தேடுவோம். ஆகவே என் கேள்வி ஒன்றுதான்: அந்த 40 லட்சம் எங்கிருந்து வந்தது?

கொங்குச்சீமை:
சேமிப்பிலிருந்து வந்தது, ஐயா. அந்தச் சொல் உங்கள் பக்கத்து அகராதியில் இல்லாமல் இருக்கலாம். காற்றாலைக்கு மூன்று ஆண்டு முன்பே, 2003-இல், மரக்கழிவை எரித்து வாயு எடுக்கும் 9 கிலோவாட் கலன் ஒன்றை அமைத்துத் தண்ணீர் இறைக்கும் செலவைக் குறைத்தவர்கள் அவர்கள். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி, ஊராட்சியின் தேவை 4.5 லட்சம், மீதி விற்பனை. காற்று எங்கள் ஊரில் மட்டுமா வீசுகிறது? உங்கள் மாவட்டத்துக் கயத்தாற்றில் வரிசை வரிசையாகச் சுழல்பவை என்ன, தேர்த்திருவிழாக் காற்றாடிகளா?

தணிக்கையாளன்:
ஒரு திருத்தம். காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அல்ல, உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில். ஆகவே எந்த ஊரில் காற்று வீசுகிறது என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

கொங்குச்சீமை:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! தன் ஊரில் காற்று இல்லாதவன் வெளியூரில் இடம் பார்த்து நிறுத்தியிருக்கிறான். உங்களையும் யாரும் தடுக்கவில்லை.

வைப்பாற்றங்கரை:
தடுத்தது 40 லட்சம். மைவாடியில் நின்றால் என்ன, மானாமதுரையில் நின்றால் என்ன, அதை வாங்கக் கையில் முதல் வேண்டுமல்லவா? நான் கடைசியாகப் பணியாற்றிய ஊராட்சியில் 1,400 பேர். ஆனால் அவர்கள் ஏழு குக்கிராமங்களில் சிதறிக் கிடந்தார்கள். ஏழு மேல்நிலைத் தொட்டி, ஏழு மோட்டார். அதே 1,400 பேர் ஒரே ஊராக நெருங்கி வாழும் ஊராட்சிக்கு ஒரு தொட்டி போதும். எல்லா ஊராட்சிக்கும் தரும் குறைந்தபட்சத் தொகை போக மீதியைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கும்போது இரண்டுக்கும் கிடைப்பது ஒரே பணம். எங்களுக்கு அந்தப் பத்து விழுக்காட்டின் பங்கான மாநில நிதி ஆணைய மானியம் வந்ததும் ஒரு பகுதி கணக்கு எண் 2-க்குப் போகும். அது மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும் என்றே நேர்ந்துவிட்ட கணக்கு. சித்திரையில் மூன்று மோட்டார் அடுத்தடுத்து எரிந்தால், மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டுபவரிடம் கடன் சொல்லிவிட்டுப் பின்பக்கத் தெரு வழியாக வீட்டுக்குப் போனவன் நான். அந்த ஊரில் ஓட்டு வீடு ஒன்றின் ஆண்டு வரி நூறு ரூபாய்க்கும் கீழே. ஒரு பைசா பாக்கியின்றி வசூலித்தாலும் அது ஒரு மோட்டாருக்குக் காணாது. இதற்குத்தான் சோம்பேறி என்ற பட்டம்.

ஒரகடத்தான்:
பெரியவரின் துயரம் புரிகிறது. இருந்தாலும் தொழிற்சாலை உள்ள ஊராட்சி என்றாலே பணத்தில் புரள்கிறது என்று எல்லோரும் பேசுவது எங்களுக்குச் சலித்துவிட்டது. நிலமும் எங்களுடையது, லாரிப் புழுதியும் எங்களுடையது. வேலை பார்ப்பவர்களிடம் ஊராட்சி வசூலிக்கும் தொழில் வரிக்கு அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆவது பிரிவு வைத்திருக்கும் உச்சவரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய். 1988-இல் திருத்தியதோடு சரி. மாதம் மூன்று லட்சம் வாங்கும் மேலாளரும் அதே 2,500-தான் கட்டுகிறார். அதை உயர்த்தினாலே பாதிச் சிக்கல் தீருமே.

வைப்பாற்றங்கரை:
தீரும், உங்கள் ஊருக்கு. தொழில் வரி வேலை பார்க்கும் இடத்துக்குப் போகிறது. அவனை வளர்த்துப் படிக்கவைத்த எங்கள் ஊராட்சிக்கு அவன் தீபாவளிக்கு வரும்போது கொண்டுவரும் இனிப்புப் பெட்டிகூடக் கிடையாது. 2,500-ஐ 25,000 ஆக்கினால் ஒரகடத்துக்கும் எங்களுக்கும் உள்ள இடைவெளி பத்து மடங்காகும். இதுவா சமன் செய்வது?

நாஞ்சிலான்:
எல்லைக்கு அப்பால் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கேரளம் 1996-இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க முடிவு செய்தது. நாமோ பத்து விழுக்காட்டைப் பிரிப்பதில் உருண்டு புரண்டுகொண்டிருக்கிறோம்.

தணிக்கையாளன்:
அது திட்ட ஒதுக்கீட்டில் விழுக்காடு, இது சொந்த வரி வருவாயில் விழுக்காடு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாகாது.

கொங்குச்சீமை:
கேரளத்தில் ஊராட்சிகளே 941-தான், இங்கே 12,000-க்கும் மேல். அவர்களுடைய ஒரு ஊராட்சி நம்முடைய ஏழெட்டுக்குச் சமம். உண்மையான சீர்திருத்தம் வேண்டுமென்றால் உங்கள் ஏழு குக்கிராம ஊராட்சிகளை அக்கம்பக்கத்தோடு இணைத்துவிட வேண்டும். நாஞ்சிலானுக்கு எதை எடுத்தாலும் கேரளம்தான் இனிக்கும். போன மாதம் நீர்ப்பங்கீட்டுப் பேச்சிலும் இதே பாட்டுதான் பாடினார்.

நாஞ்சிலான்:
போன மாதம் நான் சொன்னதற்கு இன்றுவரை நீங்கள் பதில் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வைப்பாற்றங்கரை:
இணைத்தால் குக்கிராமங்கள் நகர்ந்து வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமா? ஏழு தொட்டி ஏழு தொட்டிதான். மனுக் கொடுக்கப் போகும் தூரம்தான் கூடும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடக்கும்வரை, தலைவரே இல்லாமல் தனி அலுவலர்களை வைத்து ஓட்டினோம். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று சொல்லி நடுவண் அரசின் நிதிக்குழு மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. சொந்த வருவாய் உள்ள ஊராட்சி அதைத் தாங்கியது. மானியத்தையே நம்பியிருந்த ஊராட்சியில் தெருவிளக்குக்குப் பல்பு மாற்ற வழியில்லை. தேர்தல் நடத்தாதது யார் குற்றமோ, தண்டனை எங்களுக்கு. அதையும் நாங்கள் "சேமித்து" வைத்திருக்க வேண்டுமா?

கொங்குச்சீமை:
பேச்சை மாற்றாதீர்கள். 14-ஆவது நிதிக்குழுவே ஊராட்சி மானியத்தில் 10 விழுக்காட்டைச் செயல்திறன் மானியமாக ஒதுக்கியது. சொந்த வருவாயைக் கூட்டிக் காட்டினால்தான் அது கிடைக்கும். அந்தக் குழுவில் இருந்தவர்களும் கரிசல் காட்டுக்குப் பகைவர்களா?

வைப்பாற்றங்கரை:
ஒரு ரூபாய் வசூலித்தவன் இரண்டு ரூபாய் ஆக்குவதற்கும், ஒரு கோடி வசூலித்தவன் இரண்டு கோடி ஆக்குவதற்கும் உள்ள வேறுபாடு குழுவுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்ததால்தான் 10 விழுக்காட்டோடு நிறுத்திக்கொண்டு 90-ஐ அடிப்படை மானியமாகவே விட்டார்கள். நீங்கள் கேட்பது முழுவதையும். நான் கேட்பது குக்கிராமங்களின் எண்ணிக்கையையும், குழாய் ஓடும் நீளத்தையும், ஊராட்சியால் வரி திரட்ட இயலும் அளவையும் சூத்திரத்தில் சேர்க்க வேண்டும் என்பது. அதை விட்டுவிடுவோம். 40 லட்சத்துக்கு விடை வரவில்லை.

கொங்குச்சீமை:
சொல்லிவிட்டேன். சேமிப்பு.

வைப்பாற்றங்கரை:
சேமிப்பு என்பது விடையன்று. எதிலிருந்து சேமித்தார்கள் என்பதே கேள்வி. நகரத்தை ஒட்டிய ஊராட்சிக்கு மனைப்பிரிவு வரும், கட்டட அனுமதி வரும், கடைகள் வரும். எங்கள் ஊரில் கடைசியாகப் புதிதாக எழுந்த கட்டடம் ரேஷன் கடை. அதற்கு வரி போட முடியாது.

ஒரகடத்தான்:
என்னுடைய 2,500 ரூபாயை எல்லோரும் மறந்தே போனீர்கள்.

கொங்குச்சீமை:
மனைப்பிரிவு வந்த எத்தனையோ ஊராட்சிகள் காற்றாலை வாங்கவில்லையே, அது ஏன் என்று பெரியவர் சொல்லட்டும். ஓடந்துறையின் வரிக் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலை வாங்கி நாளைக்கே இங்கு போடுகிறேன். அதற்குப் பிறகாவது எழுதுவதை நிறுத்துவாரா?

தணிக்கையாளன்:
எந்த ஆண்டுப் பட்டியல்? 2005-06 இல்லையென்றால் பயனில்லை.

வைப்பாற்றங்கரை:
போடட்டும், வரி வரியாகக் கூட்டிப் பார்க்கிறேன். கூட்டிப் பார்ப்பது எனக்குப் பழகிய வேலை. பட்டியல் வரும்வரை கேள்வி அப்படியே நிற்கிறது: அந்த 40 லட்சம்?