ஓடைப் பூச்சிகளைக் கொல்லாமல் எண்ணுவதில் சிக்கல்: களப்பணி செய்தவர்களின் உதவி தேவை

கல்லூரியில் உயிரியல் கற்பிக்கும் நான், இரண்டாம் ஆண்டு மாணவர்கள் 22 பேரையும் கரையோரக் குடியிருப்பாளர்களையும் சேர்த்துக்கொண்டு, ஓர் ஓடையின் நீர்த்தரத்தை நீர்வாழ் பூச்சிகளைக் கொண்டு மதிப்பிடும் களப்பணியை நான்கு மாதங்களாக நடத்தி வருகிறேன். ஒரே இடத்தில், ஒரே நாளில் எடுத்த மாதிரியை மாணவர்கள் எண்ணினால் ஒரு முடிவும் குடியிருப்பாளர்கள் எண்ணினால் வேறொரு முடிவும் வருவதுதான் சிக்கல். பெரிய தும்பி இளவுயிரிகள் எல்லோர் கணக்கிலும் வந்துவிடுகின்றன. மாசைத் தாங்காத சிறிய மேஃப்ளை பூச்சியின் இளவுயிரிகளும், மாசைத் தாங்கும் கைரோனமிட் (கொசு போன்ற, கடிக்காத ஈ) புழுக்களும் ஆளுக்கு ஆள் விடுபடுவதால், கிடைத்த பூச்சிகளைக் கொண்டு நீர்த்தரத்துக்கு இடும் மதிப்பெண் நிலையாக இல்லை.

0.5 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையின் வாய் நீர்வரும் திசையை நோக்கி இருக்கும்படி பிடித்து, அதற்கு முன்னுள்ள கற்படுகையை 3 நிமிடம் காலால் கிளறுகிறோம். சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் ஊற்றி, 10 மடங்கு உருப்பெருக்கும் கைலென்சால் பார்த்து எண்ணியபின் ஓடையிலேயே விட்டுவிடுகிறோம். தட்டு ஒன்றுக்கு 30 நிமிடம் என வரையறுத்தோம். படவிளக்க அட்டை கொடுத்தோம். பூச்சிகளை அடையாளம் காண்பதை இனம் வரை கொண்டுபோகாமல், பல இனங்களை உள்ளடக்கிய குடும்பம் என்ற வகைப்பாட்டு நிலையோடு நிறுத்திக்கொண்டோம். ஓரளவே பயன் கிடைத்தது. 70 சதவீத எத்தனாலில் பதப்படுத்தி ஆய்வகத்தில் எண்ணுவது வழக்கமான தீர்வு என்பதை அறிவேன்; ஆனால் உயிர்களைக் கொல்வதற்குக் குடியிருப்பாளர்கள் உடன்படவில்லை, அவர்கள் இல்லாத களப்பணி எனக்கு வெறும் செய்முறைத் தேர்வாகவே தோன்றுகிறது.

தட்டைக் கட்டங்களாகப் பிரித்து, குலுக்கலில் வந்த கட்டங்களை மட்டும் எண்ணும் துணைமாதிரி முறையைக் களத்திலேயே கையாண்டவர்கள், உயிருள்ள பூச்சிகள் கட்டம் விட்டுக் கட்டம் நகராமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்?