அம்மாவுக்கு பெம்பிகஸ், பல்லுக் காட்டப் போன கதை

எங்கட அம்மாவுக்கு பெம்பிகஸ் வல்காரிஸ் எண்டுற வருத்தம். தோல் வருத்தம் எண்டு சொன்னாலும் முதல்ல வந்தது வாய்க்குள்ளதான், அஞ்சு மாசமா முரசெல்லாம் புண், பிட்டும் சம்பலும் விழுங்க ஏலாது, நாங்கள் விற்றமின் குறைவாக்கும் எண்டு குளிசை வாங்கிக் குடுத்துக்கொண்டு இருந்தனாங்கள். முதுகில கொப்புளம் வந்தாப்பிறகுதான் தோல் கிளினிக் போய், சதை வெட்டி ரெஸ்ற் பண்ணி பேர் தெரிஞ்சது. இது தொத்துற வருத்தம் இல்லை. தோல் செல்லுகளை ஒட்டி வச்சிருக்கிற டெஸ்மோகிளீன் எண்டுற புரதத்தை உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியே தாக்கிறது. ஏன் சொல்லுறன் எண்டா எங்கட சொந்தக்காரரே அம்மா குடிச்ச கப்பைத் தள்ளி வச்சவை.

பிறகு கடைவாய்ப் பல்லு ஒண்டு சூத்தை. முதல் போன இடத்தில அம்மா பயத்தில வருத்தத்தைச் சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை. அங்க காய்ஞ்ச பஞ்சை வச்சிட்டு அப்பிடியே இழுக்க கன்னத்தின்ர உள்தோல் பஞ்சோட உரிஞ்சு வந்திட்டுது. அம்மா கத்தினது இப்பவும் என்ர காதுக்குள்ள நிக்குது.

ரெண்டாவதாப் பாத்த டொக்டர், கதிரையில இருத்த முதலே கிளினிக் கொப்பியைக் கேட்டவா. இந்த வருத்தத்துக்குப் போடுற பிரெட்னிசலோன் எண்டுற ஸ்ரெரொயிட் குளிசை எவ்வளவு, எத்தினை மாசமா, எலும்புக்கு கிழமைக்கொருக்கா போடுற அலென்ட்ரோனேற் இருக்கோ எண்டு எல்லாம் விசாரிச்சு தோல் டொக்டருக்குக் கடிதமும் தந்துவிட்டவா. அந்த எலும்புக் குளிசை போடுறவைக்கு பல்லுப் பிடுங்கின இடத்தில தாடையெலும்பு ஆறாமக் கிடக்கிறது அபூர்வமா நடக்குமாம், ஸ்ரெரொயிட் கனகாலம் போட்டவை தங்கட பாட்டில அதை நிப்பாட்டவே கூடாதாம். புண் அடங்கின நேரமாப் பாத்து, காலமை சாப்பிட்டு குளிசையும் போட்டுட்டு வரச்சொல்லி, சொண்டுக்கு வாஸ்லின் பூசி, பஞ்சை சேலைன்ல நனைச்சு நனைச்சு வச்சு ஆறுதலாப் பிடுங்கினவா.

இன்னொண்டு, நோகுது எண்டு அம்மா மூண்டு மாசம் ஒழுங்காப் பல்லே தீட்டேல்லை, ஊத்தை படிஞ்சு முரசு இன்னும் மோசமாப் போச்சு. இப்ப சின்னப்பிள்ளையளின்ர மெத்தென்ற பிரஸ்தான், பேஸ்ற் நுரை வரப் போடுற சோடியம் லோரில் சல்பேற் இல்லாததாப் பெட்டியில பாத்து வாங்குறன், அல்ககோல் கலந்த கொப்பளிக்கிற மருந்து வேண்டவே வேண்டாம், எரிவு தாங்கேலாது. இளஞ்சூட்டு உப்புத்தண்ணி காணும். உறைப்பில்லாத ஒடியல் கூழும் இப்ப குடிக்கிறா.

பிடுங்கின இடத்தில பொய்ப்பல்லு கட்டலாமோ எண்டு கேக்கிறா, உராஞ்சு திரும்பப் புண் வந்திடுமோ எண்டு எனக்குப் பயமாக்கிடக்கு. இந்த வருத்தத்தோட பல்லுக் கட்டினவை ஆரும் இருந்தா சொல்லுங்கோ.