கொலராடோ கரடி: ஊதல் 15 நிமிஷமா, 45 நிமிஷமா?

காத்துதிசை: நம்ம மன்றத்து எல்க் (பெரிய மான் இனம்) வேட்டைத் திரியில ஒரு மகானுபாவர் அருளியிருக்கார்: "முதல் கரடி வேட்டையா? மான்குட்டி ஊதலை 15 நிமிஷம் ஊதுங்க, வரலைன்னா அடுத்த மேட்டுக்குப் போயிடுங்க." பேர் சொல்ல விரும்பல. மான்குட்டி கதறுற மாதிரி ஊதினா இரைன்னு நினைச்சு வரும்ங்கிறதுதான் ஊதலோட கணக்கு. ஆனா 15 நிமிஷம்ங்கிறது கொயோட்டிக்கு (சின்ன ஓநாய் மாதிரி ஒண்ணு). கொயோட்டி ஓடி வரும். கரடி நடந்து வரும், வழியில சோக்செரி (காட்டுப்பழம்) புதர் கண்ணுல பட்டா நின்னு தின்னுட்டு வரும். சத்தம் நின்னா அதுவும் நின்னுடும், மறந்துடும். குறைஞ்சது 45 நிமிஷம், மூச்சு வாங்குற நேரம் தவிர நிறுத்தாம ஊதணும்.

ஓக்கடி: பேர் சொல்லாம சொன்னதுக்கு நன்றி. "ஊதல் ரெண்டாம்பட்சம்தான், அப்படியும் ஊதணும்னா"ன்னு நான் ஆரம்பிச்ச வரியில முன்பாதியை வெட்டிட்டு ஒட்டியிருக்கீங்க. கத்தரிக்கோல் நல்லா வேலை செய்யுது.

முதல்டேக்: அண்ணா, சண்டைக்கு நடுவுல மன்னிக்கணும். செப்டம்பர் 2 தொடங்குற ரைஃபிள் சீசனுக்கு டேக் (கரடி சுடுறதுக்கான அனுமதிச்சீட்டு) கையில இருக்கு. அந்த யூனிட்ல (வேட்டைப் பகுதியில) 100 பேர்ல 10 பேருக்குக்கூடக் கரடி கிடைக்கறதில்லையாம். தீனி போட்டு வரவழைக்கலாமா?

கணக்குப்பிள்ளை: கூடாது. தீனி வைக்கிறது, நாய் விடுறது, வசந்தகால வேட்டை மூணையும் 1992 வாக்கெடுப்புலயே கொலராடோ தடை பண்ணிடுச்சு. அடுத்து, அந்த சதவீதம் எதை எதால வகுத்ததுன்னு முதல்ல பாருங்க. எல்க் வேட்டைக்குப் போற நிறையப் பேர் "கண்ணுல பட்டா பார்ப்போம்"னு கரடி டேக்கைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டுப் போறாங்க. அவங்களும் வகுக்கிற எண்ணுல உண்டு. கரடிக்குன்னே போறவங்களை மட்டும் பிரிச்சா...

காத்துதிசை: எதை எதால வகுத்தாலும் 15 நிமிஷம் தப்புதான்.

ஓக்கடி: முதல்டேக் தம்பி, இங்க கேளுங்க. சீசனுக்கு முன்னாடி, ஆகஸ்ட் கடைசியில மலைக்குப் போங்க. கரடியைத் தேடாதீங்க, தீனியைத் தேடுங்க. அந்த நேரத்துல அது ஒரு நாளைக்கு 20 மணி நேரம்கூட வாய் ஓயாம, 20,000 கலோரி வரைக்கும் திங்கும். 7,000 அடியிலருந்து 8,500 அடி வரைக்கும் கேம்பல் ஓக் புதரைப் பாருங்க. கொட்டையைப் பல்லுல கடிச்சுப் பார்த்தா உள்ள பருப்பு இருக்கா, பூச்சி தின்ன தூளான்னு தெரிஞ்சுடும். பின்பனி விழுந்து பூ கருகின வருஷம் ஒரு பள்ளத்தாக்கே காலியா இருக்கும், அடுத்த மடிப்புல கிளை தாங்காம காய்ச்சிருக்கும். காலியான மடிப்புல உக்காந்து யாராவது முக்கால் மணி நேரம் ஊதினா மான்தான் சிரிக்கும். சாணத்தைக் குச்சியால கிளறுங்க: முழுக்க சோக்செரி கொட்டை, இன்னும் ஈரம்னா அங்கயே இருங்க. எதிர்ச்சரிவுல 600, 800 மீட்டர் தள்ளி உக்காந்து, பத்து மடங்கு பைனாக்குலரை டிரைபாட்ல மாட்டி, பொழுது சாயற கடைசி ரெண்டு மணி நேரம் புதர் புதரா அலசுங்க.

காத்துதிசை: அலசி? கண்டதும் 700 மீட்டர் நடந்து போய்ச் சேர்றதுக்குள்ள கரடி புதருக்குள்ள போயாச்சு. ஆள் உயரத்துக்கு மேல ஓக், பத்தடிக்கு அப்பால தெரியாது. சாயங்காலம் மலைக்காத்து கீழ இறங்கும், மேல இருந்து போனா உங்க வியர்வை உங்களுக்கு முன்னாடி போய்ச் சேரும். ஊதினா அது உங்ககிட்ட வரும். 45 நிமிஷம். எழுதி வச்சுக்கோங்க.

ஓக்கடி: கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பட்ட மரத்தையோ பாறையையோ குறி வச்சுக்கிட்டுப் போனா தொலையாது, பக்கவாட்டுல காத்து இருக்கிற பக்கமா சுத்திப் போகணும். இதெல்லாம் பாலபாடம். ஊதி வந்த கரடி 40 அடியில திடீர்னு தலை நீட்டும். குட்டி பின்னாடி வருதான்னு பார்க்க நேரம் எங்க? குட்டியோட இருக்கிற தாயைச் சுடுறது குற்றம். தூரத்துல இருந்து பார்த்தா அரைமணி நேரம் பொறுத்து, பின்னாடி ஏதும் உருளுதான்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம். இதுக்கு உங்க 45 நிமிஷத்துல பதில் இருக்கா?

காத்துதிசை: இருக்கு. ரெண்டு பேர் போகணும். ஒருத்தர் ஊதணும், இன்னொருத்தர் காத்து போற திசையைப் பார்த்துத் துப்பாக்கியோட உக்காரணும், ஏன்னா கரடி சுத்தி வந்து மோப்பம் பிடிச்சுட்டுத்தான் நெருங்கும். முன்னால 80 அடி வெட்டவெளி இருக்கிற இடமாப் பார்த்து உக்காந்தா குட்டியைப் பார்க்க நேரம் கிடைக்கும். போன தடவை தோட்டா எடை பத்தின விவாதத்துலயும் பாதியிலயே காணாமப் போனீங்க, ஞாபகம் இருக்கட்டும்.

ஓக்கடி: அதுல சரியா சொன்னதே நான்தான். சட்டப்படி கரடிக்குத் தோட்டா குறைஞ்சது 6 மில்லிமீட்டர் விட்டம், 70 கிரெயின் (தோட்டா எடையளவு) இருக்கணும். அது அனுமதி, சிபாரிசு இல்ல. .308-ல 165 கிரெயின் பாண்டட் (உறையும் ஈயமும் ஒட்டின) தோட்டாவே போதும். கொழுப்பு காயத்தை அடைச்சுடும், ரோமம் ரத்தத்தை உறிஞ்சுடும், ஓக் புதர்ல தடம் கிடைக்காது. ரெண்டு பக்கமும் துளை வேணும். வயித்துல ரோமம் தொங்குறதால உடம்பு பெருசாத் தெரியும், அதனால ரோமத்தோட நடுவைப் பார்த்துச் சுட்டா தோட்டா கீழ போயிடும்.

எல்க்ராஜா: ஆரஞ்சு சட்டையை யாரும் சொல்லலயே. 500 சதுர அங்குலம், தலையிலயும் வேணும். கேமோ (உருமறைப்புத் திட்டு போட்ட) ஆரஞ்சு கணக்குல வராது.

முதல்டேக்: நன்றி அண்ணா. இன்னொண்ணு: எச்1பி விசாவுல துப்பாக்கி வச்சுக்கலாமா?

கணக்குப்பிள்ளை: அந்த விசாவுக்குப் பொதுவாத் தடை. செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ் இருந்தா விலக்கு உண்டு. 1949 ஜனவரி 1 அன்னைக்கோ அதுக்குப் பிறகோ பிறந்தவங்களுக்கு லைசென்ஸ் வாங்கப் பொதுவா வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வேணும். திரும்பவும் கேட்கிறேன், அந்த 10 சதவீதத்துல...

குக்கர்விசில்: கறியை என்ன பண்ணுவீங்க? மூணு வாரம் ஃப்ரீசர்ல வச்சா புழு செத்துடுமாம்.

காத்துதிசை: அது பன்றிக்கறிக்கு. மைனஸ் 15 டிகிரியில 20 நாள்ங்கிறது பண்ணைப் பன்றிப் புழுவுக்கான விதி. கரடியில வர்ற டிரிக்கினெல்லா புழு வகைகள்ல சிலது உறைபனியைத் தாங்கும். உள்ள 71 டிகிரி தொட்டே ஆகணும். குக்கர்ல அஞ்சாறு விசில் விடுங்க, மீடியம் ரேர் கேட்கிற விருந்தாளியை வீட்டுக்கு அனுப்புங்க. செப்டம்பர் வெயில்ல கறி கெடுறதுதான் நிஜப் பிரச்சனை: தோலும் கொழுப்பும் கம்பளி மாதிரி சூட்டைப் பிடிச்சு வைக்கும். உடனே உரிச்சு, பின்தொடையை எலும்பு வரைக்கும் கீறி நிழல்ல காத்தாட விடணும்.

ஓக்கடி: முதல் தடவையா உருப்படியா எழுதியிருக்கீங்க. வாய்க்குள்ள குச்சி வைக்கிறதை விட்டுட்டீங்க. உடம்பு விறைக்கிறதுக்கு முன்னாடி தாடையைப் பிரிச்சு வைக்கலைன்னா, அஞ்சு வேலை நாளுக்குள்ள வனவிலங்குத் துறைகிட்டக் காட்டப் போகும்போது அவங்களால பல் எடுக்க முடியாது. உறைஞ்ச தலையோட போனாலும் திருப்பி அனுப்புவாங்க.

காத்துதிசை: விடல. அடுத்து எழுத இருந்தேன். நீங்க 15 நிமிஷத்துக்கு இன்னும் பதில் சொல்லல.

ஓக்கடி: 15 நிமிஷம்னு சொன்னது ஒரு இடத்துக்கு, காத்து மாறிட்டா. முழு வரியையும் படிங்க.

காத்துதிசை: படிச்சேன். "காத்து"ங்கிற வார்த்தையே அதுல இல்ல. திருத்துறதுக்கு முன்னாடி எடுத்த ஸ்கிரீன்ஷாட் இருக்கு, போடவா?

ஓக்கடி: தாராளமா போடுங்க. முன்பாதியோட போடுங்க.

முதல்டேக்: அண்ணா, ஊதல்ல நாக்கு (சத்தம் எழுப்புற தகடு) உள்ள மூடினதா, வெளிய திறந்ததா, எது வாங்கணும்?

காத்துதிசை: மூடினது. புதுசா ஊதறவங்களுக்கு எளிது. ரெண்டு வாங்குங்க, எச்சில் அடைச்சா மாத்திக்கலாம். 45 நிமிஷம் ஊதணுமே.

ஓக்கடி: திறந்தது.